தானாக நடக்கும், அவரைக் கேட்டு

அவர் வீட்டில் கொசுவத்திகூட அவரைக் கேட்டுத்தான் புகையும். சாயங்காலம் ஆனதும் அத்தை அதைத் தகரத் தட்டில் குத்தி, பக்கத்தில் தீப்பெட்டியையும் வைத்துவிட்டுக் காத்திருப்பார். அவர் அச்சகத்திலிருந்து வந்து, ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்து, "சரி, பொருத்து" என்றால்தான் கொசுக்களுக்குக் கெட்ட நேரம் தொடங்கும். அவர் வரத் தாமதமானால் கொசுக்கள் குடும்பத்தோடு வந்து பசியாறிவிட்டுப் போகும்.

கோவில்பட்டியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு அவருடையது. தீப்பெட்டிக்கு ஒட்டுகிற லேபிள் அச்சடிக்கும் தொழில். ஊருக்கு அவர் அண்ணாச்சி. அவர் மகள் செல்வி என்னோடு கல்லூரியில் படித்தவள் என்பதால் எனக்கு அவர் மாமா, அவர் மனைவி அத்தை.

சர்வாதிகாரி என்று நினைத்துவிட வேண்டாம். சர்வாதிகாரிகள் கத்துவார்கள். இவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. யாரையும் எதையும் செய்யாதே என்று சொன்னதும் இல்லை. செய்வதற்கு முன் ஒரு வார்த்தை கேட்க வேண்டும், அவ்வளவுதான். "நான் என்ன, வேண்டாம்னா சொல்லுதேன்? ஒரு வார்த்தை கேட்டா கொறஞ்சா போயிருவீய?" என்பார். உண்மைதான். கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார். ஆனால் கேட்பதற்கு அவர் வீட்டில் இருக்க வேண்டும். கையில் வேலை இருக்கக் கூடாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கக் கூடாது, சாப்பிட்டு முடித்த கையோடும் கூடாது. டிவியில் செய்தி ஓடக் கூடாது. கேட்பவர் நின்றுகொண்டு கேட்கக் கூடாது, அது அவசரப்படுத்துவது. உட்கார்ந்தும் கேட்கக் கூடாது, அது சட்டமாகப் பேசுவது. இவ்வளவும் ஒன்றாகக் கூடிவரும் நேரம் கிரகணத்தைப் போல எப்போதாவது வரும். "அவியகிட்ட கேக்கதுக்கு நேரம் பாக்கவே ஒரு ஜோசியர வீட்டோட வச்சுக்கிடணும்" என்பார் அத்தை.

தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானே நிறுத்திவிடும் கருவி ஒன்றை அவர் வீட்டில் மாட்டினார்கள். கொஞ்ச நாளிலேயே எலக்ட்ரீஷியனைத் திரும்ப வரச்சொன்னார். "அது பாட்டுக்கு நிப்பாட்டுது. நிறைஞ்சா மணி மட்டும் அடிக்கட்டும். நிப்பாட்டுதத நான் நிப்பாட்டிக்கிடுதேன்." எலக்ட்ரீஷியன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அன்றிலிருந்து மணி அடிக்கும். அவர் வீட்டில் இருந்தால் மோட்டார் நிற்கும். மோட்டாரைப் போட்டுவிட்டு ஏதாவது கல்யாணத்துக்குப் போயிருந்தால் தண்ணீர் மாடியிலிருந்து நேராகத் தெருவுக்கு இறங்கும். கோடையில் கோவில்பட்டியில் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் ஓடினால் அது அவர் வீடுதான். சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அத்தைக்குத் தெரியும். போட்டவர் வந்து நிறுத்தட்டும் என்று உள்ளே பூண்டு உரித்துக்கொண்டிருப்பார்.

இப்படிப்பட்டவர்தான் தன் ரயில்களின் சிக்னல்களைத் தானியங்கியாக்கித் தரும்படி என்னைக் கூப்பிட்டார்.

நான் அப்போது ஒரு நூற்பாலையில் இயந்திரங்களின் கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் சும்மா இருக்கிறேன் என்று அவர் முடிவுசெய்திருந்தார். அச்சடித்த தாள்களை முன்பு காயப்போட்ட மாடி அறையில் நீளமாக மேசைகளைப் போட்டு, அதன்மேல் மாதிரி ரயிலுக்கான சிறு தண்டவாளம் பரப்பி வைத்திருந்தார். நடுவில் கோவில்பட்டி. வடக்கே சாத்தூர், தெற்கே கடம்பூர். சாத்தூரைத் தாண்டினால் வண்டி அறையைச் சுற்றிக் கடம்பூருக்கே வந்துவிடும், பூமி உருண்டை என்பதால். வண்டிகள், சிங்கப்பூர் மச்சினன் ஒவ்வொரு முறை வரும்போதும் கொண்டுவந்து தந்தவை. பனிமலைகளில் ஓடவேண்டிய எஞ்சின்கள் அவர் கையால் நீலச் சாயம் பூசிக்கொண்டு கடம்பூரில் வியர்த்துக்கொண்டிருந்தன.

நிஜத்தில் இரட்டைப் பாதை வந்துவிட்டதே, ஏன் ஒற்றைத் தண்டவாளம் போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"ரெட்டைப் பாதைல என்ன இருக்கு? அவனவன் அவனவன் பாட்டுக்குப் போறான். ஒத்தப் பாதைலதான் ஒருத்தன் வந்தா ஒருத்தன் ஒதுங்கி நிக்கணும். அதுலதான் ஒரு இது இருக்கு."

அந்த 'இது' என்ன என்று நான் கேட்கவில்லை. அவர் வீட்டுக்குள் நுழைந்த எவருக்கும் அது தெரியும்.

வேலையைத் தொடங்குமுன் அவருக்கு என்ன வேண்டும் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னேன். எதிரெதிரே வரும் வண்டிகள் முட்டக் கூடாது. ஒன்று லூப் லைனில் ஒதுங்கி நிற்க, மற்றது தாண்டிப் போக வேண்டும். சிக்னல் தானே மாற வேண்டும். பாதை பிரிகிற இடத்தில் பாயிண்ட் தானே திரும்ப வேண்டும். "மொத்தத்துல எல்லாம் தானா நடக்கணும்" என்றார். நான் எழுதிக்கொண்டேன். "ஆனா என்னயக் கேட்டுத்தான் நடக்கணும்" என்றார்.

அதையும் எழுதிக்கொண்டேன். என் வேலையில் முரண்பட்ட தேவைகளை எழுதும்போது முகத்தை மாற்றக் கூடாது என்று பழக்கியிருக்கிறார்கள்.

நான் செய்த ஏற்பாடு எளிமையானது. தண்டவாளத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒரு கணினியோடு இணைத்தேன். ஒரு துண்டின்மேல் வண்டி நின்றால் இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே கொஞ்சம் மின்சாரம் பாயும். பாய்ந்தால் அங்கே வண்டி இருக்கிறது என்று பொருள், அதற்குப் பின்னால் சிவப்பு. பாயாவிட்டால் வழி காலி. சந்தேகம் வந்தால் சிவப்பு. இந்தக் கடைசி விதி அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. "ஏட்டி இன்ஜினியரு, இது நம்ம வீட்டு விதி மாதிரில்லா இருக்கு" என்றார். உலகம் முழுக்க ரயில்வேயில் இதுதான் விதி என்றேன். உலகம் முழுக்கத் தன் வீட்டைப் பார்த்துக் கற்றுக்கொண்டதைப் போலத் தலையாட்டினார்.

அதன்பிறகு பட்டன். பழைய அச்சு இயந்திரத்திலிருந்து கழற்றிய, உள்ளங்கையில் பாதி இருக்கும் பச்சைப் பட்டன். அதை மேசை ஓரத்தில், அவர் நாற்காலிக்கு நேராகப் பொருத்தினேன். கணினி யோசித்து, வழி காலி என்று உறுதிசெய்து, பாயிண்ட்டைத் திருப்பி, பட்டன் பக்கத்தில் இருக்கும் விளக்கை மினுக்கும். அதாவது கைகட்டி நின்று, போகட்டுமா மாமா என்று கேட்கும். அவர் சற்று யோசித்து அமுக்குவார். சிக்னல் பச்சையாகும். வண்டி புறப்படும்.

"மாமா, இதுக்குப் பேரு தானியங்கி இல்ல" என்றேன்.

"பெறவு?"

"மரியாதை."

"அதான வேணும்."

ஒருமுறை எப்போதும்வென்றான் என்ற ஊரில் ஒரு துக்கத்துக்குப் போய்விட்டு இரண்டு நாள் கழித்து வந்தார். செருப்பைக் கழற்றியதும் நேராக மாடிக்குத்தான் போனார். அவர் போகும்போது எங்கே நின்றனவோ அங்கேயே அத்தனை வண்டிகளும் நின்றன. விளக்கு இரவு பகலாக மினுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. "பாத்தியா, நான் இல்லாம ஒண்ணும் அசையல" என்றார். ஒரு அமைப்பு முடங்கிப்போனதை அதன் வெற்றியாகக் கொண்டாடிய ஒரே வாடிக்கையாளர் அவர்தான்.

அவருக்கு இன்னொரு விதியும் இருந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும், பின்னால் தேவைப்படும். ஒரு ஞாயிற்றுக்கிழமை எக்ஸ்பிரஸுக்கு என்று நினைத்து, மினுக்கியது சரக்கு வண்டிக்கு என்று கவனிக்காமல் அமுக்கிவிட்டார். சரக்கு வண்டி ஆடி அசைந்து கிளம்பியது. ரத்துசெய்துவிடலாம் என்று நான் விசைப்பலகைக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"வேண்டாம். அமுக்கினா அமுக்கினதுதான்."

"தப்பா அமுக்கிட்டீங்க மாமா."

"சரின்னு சொல்லிட்டுப் பெறவு இல்லன்னு சொல்லுத பழக்கம் நம்மகிட்ட கெடையாது."

எக்ஸ்பிரஸ் கடம்பூரில் நிற்க, சரக்கு வண்டி உலகத்தைச் சுற்றி வந்தது. அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, அப்படித்தான் திட்டமிட்டிருந்தவரைப் போல அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அச்சகத்திலும் இதே கதை. மயில் ஒன்று திரும்பிப் பார்க்கும் லேபிளில், மயில் பார்க்கவேண்டிய பக்கத்தை விட்டு மறுபக்கம் பார்ப்பதுபோல் மாதிரி வந்தது. கவனிக்காமல் சரி என்று தலையாட்டிவிட்டார். பிறகு தெரிந்தும் நிறுத்தவில்லை. அந்த மயில் பல ஊர்ப் பெட்டிக்கடைகளில் மறுபக்கம் பார்த்தபடியே விற்றுத் தீர்ந்தது. அவர் வாழ்க்கையில் தவறு என்பதே நடக்காமல் போனதற்கு இந்த விதிதான் காரணம்.

இந்தச் சமயத்தில்தான் செல்விக்கு வேலை வந்தது. ரயில்வேயில், உதவி லோகோ பைலட். எஞ்சினில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, சிக்னலைப் பார்த்து நிறத்தை உரக்கச் சொல்கிற வேலை. சில ஆண்டுகள் போனால் தானே ஓட்டலாம். மாடியில் ஒரு ரயில்வேயே நடத்துகிறவர் மகளுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை எதுவும் இல்லை என்று நானும் அத்தையும் நினைத்தோம். ரயில் பிடிக்கும் என்பதும் மகள் ரயில் ஓட்டுவது பிடிக்கும் என்பதும் இரண்டு தனித்தனித் தண்டவாளங்கள் என்று எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. செல்வி கேட்டாள். சாப்பிடும்போது கேட்டதாகச் சொன்னார். மறுபடி கேட்டாள். நின்றுகொண்டு கேட்டாளாம். கடிதத்தில் போட்டிருந்த தேதி நெருங்கிக்கொண்டே வந்தது. அந்தத் தேதிக்குள் திருச்சியில் பயிற்சிக்குப் போய்ச் சேராவிட்டால் வேலை இன்னொருவருக்குப் போய்விடும். அதை அவள் சொன்னபோது, "பெறவு பேசுவோம்" என்றார். அந்த 'பெறவு' கடம்பூர் லூப்பில் நின்ற எக்ஸ்பிரஸ் மாதிரி நின்றுகொண்டே இருந்தது.

"எனக்குப் போகத் தெரியாதாட்டி?" என்று செல்வி ஒருநாள் என்னிடம் சொன்னாள். "பையத் தூக்கிட்டு நேரா ஸ்டேஷனுக்குப் போயிருவேன். ஆனா கேக்காமப் போனா அப்பா திரும்பப் பேசமாட்டாரு. திட்டக்கூட மாட்டாரு. சும்மா இருந்துருவாரு. அத என்னால தாங்கிக்கிட முடியாது."

நான் மாமாவிடம் ஒருமுறை பேசிப் பார்த்தேன். ஒரு பாயிண்ட்டுக்கு எண்ணெய் விடும் சாக்கில். "நிஜ ரயில்ல என்ன மாமா பயம்? நம்ம மாடியில இருக்க அதே சிக்னல்தான்."

அவர் பட்டனைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். "இங்கன நான் அமுக்காட்டா வண்டி நிக்கும். அங்கன?" என்றார்.

எண்ணெய் அதிகம் விட்டுவிட்டேன்.

கரிசல் மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதிரி ரயில் கட்டுபவர்கள் தரைக்கு மரத்தூளோ சாயம் பூசிய அட்டையோ போடுவார்கள். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஓட்டப்பிடாரத்துப் பக்கம் இருந்த தன் நிலத்திலிருந்து சாக்கில் கரிசலை அள்ளிவந்து, சல்லடையில் சலித்துத் தண்டவாளத்தின் ஓரம்வரை பரப்பினார். நிஜ மண் வேண்டாம், தூசி பறக்கும், வெடிக்கும் என்றேன். "நம்ம ஊரு ரயிலு நம்ம மண்ணுல ஓடாம வேற எங்க ஓடும்?" என்றார். பங்குனியில் அது வெடித்தது. கடம்பூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே விரல் நுழையும் அளவு பிளவு. அவர் பெருமையோடு எல்லோருக்கும் காட்டினார். "அசல் கரிசல். பாத்தியளா, எப்படி வாயப் பொளந்துருக்கு."

திறப்புவிழாவுக்கு ஒரு நாள் குறித்தார். தன் அச்சகத்திலேயே அழைப்பிதழ் அடித்தார். தீப்பெட்டித் தொழிலில் இருந்த பெரியவர்கள் எல்லோருக்கும் கொடுத்தார். செல்வி திருச்சிக்கு ரயில் ஏறவேண்டிய நாளும் அதுதான், முற்பகல் வண்டி. அவர் அதைத் தற்செயலாகத்தான் தேர்ந்தெடுத்தார் என்று நம்ப நான் இன்றும் தயார், யாராவது ஆதாரம் காட்டினால்.

அன்று காலையில் மாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்தன. காராச்சேவும் கடலைமிட்டாயும் சுற்றி வந்தன. நான் இயந்திரத்தை உயிர்ப்பித்தேன். அத்தனை சிக்னலும் சிவப்பு. கோவில்பட்டி, சாத்தூர், கடம்பூர், நடுவில் உள்ளவை எல்லாம் சிவப்பு. அணைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடியும் அதே சிவப்பு.

குனிந்து பார்த்தபோது புரிந்தது. மண் பளபளவென்று இருந்தது. "மாமா, தண்ணி தெளிச்சீங்களா?"

"லேசாத்தான். மழை பெஞ்ச கரிசல் மாதிரி இருக்கட்டுமேன்னு, ஸ்பிரேல அடிச்சேன். எப்படி இருக்கு, வாசனை வருதுல்லா?"

வாசனை வந்தது. கூடவே மின்சாரமும் வந்தது. ஈரமான கரிசலில் இருக்கும் உப்பு, இரண்டு தண்டவாளங்களுக்கும் குறுக்கே மின்சாரத்தைக் கடத்திக்கொண்டிருந்தது. கணினியின் கணக்குப்படி ஒவ்வொரு துண்டிலும் ஒரு வண்டி நின்றது. தமிழ்நாட்டு ரயில் மொத்தமும் அந்த மேசைமேல் வந்து நிற்பதாக அது நினைத்தது. சந்தேகம் வந்தால் சிவப்பு.

முன்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் காராச்சேவை மென்றபடி கேட்டார்: "அண்ணாச்சி, மழை பெஞ்சா கரிசல்ல மாட்டுவண்டியே போவாது. ரயிலு எப்படிப் போவும்?"

அறை முழுக்கச் சிரித்தது. என் படிப்புக்கு நான்கு வருடம் ஆனது, பெரியவருக்கு ஒரு கைப்பிடி காராச்சேவு போதுமாயிருந்தது.

மண் பக்கம் மேசை விசிறியைத் திருப்பிவைத்தேன். அது காய்வதற்குள் பட்டனின் கம்பியும் ஈரத்தில் கெட்டிருக்கிறதா என்று பார்த்துவிடலாம் என்று மேசைக்கு அடியில் நுழைந்தேன். கையில் ஒரு சோதனை பல்பு. பட்டனை அமுக்கினால் அது எரிய வேண்டும். அடியிலிருந்து எனக்குக் கால்கள் மட்டுமே தெரிந்தன. மாமாவின் வெறுங்கால்கள் பட்டனுக்கு நேராக.

"அமுக்குங்க மாமா." பல்பு எரிந்தது. "போதும், விடுங்க." அணைந்தது. கம்பி நன்றாக இருந்தது.

அப்போது வாசல் பக்கமிருந்து ஷூ அணிந்த இரண்டு கால்கள் வந்து அவர் கால்களுக்கு எதிரே நின்றன. அந்த வீட்டுக்குள் ஷூ வந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் ஒரு பை இறங்கியது.

"அப்பா, வண்டிக்கு நேரமாச்சு," என்றது செல்வியின் குரல். "போகட்டுமா?"

அவள் நின்றுகொண்டுதான் கேட்டாள். அவர் கையில் வேலை இருந்தது. வீடு நிறைய ஆள் இருந்தார்கள். கேட்கக் கூடாத நேரம் என்று அவர் வகுத்திருந்த அத்தனையும் ஒன்றுகூடிய நேரம் அது. வெறுங்கால்கள் அசையவில்லை. கட்டைவிரல் மட்டும் தரையை ஒருமுறை அழுத்தியது. விசிறி ஓடிக்கொண்டிருந்தது. கதவோரத்தில் அத்தையின் சேலை நுனி தெரிந்தது, அதுவும் அசையவில்லை.

என் கையில் இருந்த பல்பு எரிந்தது.

நான் அமுக்கச் சொல்லியிருக்கவில்லை. அது கொஞ்ச நேரம் எரிந்தபடியே இருந்தது, பிறகு அணைந்தது.

"அண்ணாச்சி அமுக்கிட்டாவ," என்றார் காராச்சேவுப் பெரியவர்.

"அமுக்கினா அமுக்கினதுதானப்பா?" என்றாள் செல்வி.

"பெறவு என்னத்துக்கு நிக்க?" என்றார் அவர். "வண்டிக்கு நேரமாச்சுல்லா."

ஷூக்கள் திரும்பின. சேலை நுனி அவற்றின் பின்னால் ஓடியது. நான் மேசைக்கு அடியிலிருந்து வெளியே வரக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டேன். எனக்கு அங்கே சோதிக்க எதுவும் மீதியில்லை. ஆனால் நான் உடனே எழுந்திருந்தால் அவர் முகத்தைப் பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

அன்று கடைசிவரை ஒரு வண்டிகூட ஓடவில்லை. ரயில் ஓடாத ரயில் திறப்புவிழாவை எல்லோரும் நன்றாக இருந்தது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அதன்பிறகு ஊரில் யார் கேட்டாலும் அவர் ஒரே கதையைத்தான் சொன்னார். "இந்த இன்ஜினியரு டெஸ்டுக்கு அமுக்கச் சொன்னா. நான் அமுக்கினேன். அந்தப் பிள்ள அத அனுமதின்னு எடுத்துக்கிட்டா. அமுக்கினா அமுக்கினதுதான, என்ன செய்ய?" நான் அருகில் இருந்தால் என்னையும் சாட்சிக்குக் கூப்பிடுவார். நான் ஆமாம் என்று தலையாட்டுவேன். நான் சொன்ன டெஸ்டு அதற்கு முன்பே முடிந்துவிட்டது என்பது எனக்கும் அந்தப் பல்புக்கும் மட்டும் தெரியும்.

நான் வேலை மாறி ஓசூருக்குப் போனேன். ஒரு வருடம் கழித்து அவரிடமிருந்து போன் வந்தது. செல்வி பயிற்சி முடித்துச் சரக்கு வண்டிகளில் போய்க்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, ஒரு சின்ன மாத்தம் செய்யணும். அந்த நீலச் சரக்கு வண்டி இருக்குல்லா. அதுக்கு மட்டும் பட்டன் வேண்டாம்."

"தானா போகட்டுமா மாமா?"

"ம்."

"உங்களக் கேக்காமலா?"

"கெளம்பும்போது மணி மட்டும் ஒண்ணு அடிக்கட்டும். தொட்டிக்கு வச்ச மணி சும்மாதான் கெடக்கு. இப்பம் ஒங்க அத்தையே மோட்டார நிப்பாட்டிக்கிடுதா."

ஊருக்குப் போனபோது செய்துகொடுத்தேன். கம்பியைக் கோக்கும்போது வழக்கப்படி கேட்டேன், தேவையைத் தெளிவாக எழுதிக்கொள்ள வேண்டுமே.

"மணி அடிச்சா நீங்க என்ன செய்யணும் மாமா?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்," என்றார். "தெரிஞ்சுக்கிடுவேன்."